மண்ணின் மொழியில் ஒரு வீடு



மொழியியல் மேடையில் வீடு கட்டுவது பற்றிப் பேசுவதேன் எனச் சிலர் வியக்கலாம். விடை ‘கட்டு’ என்னும் வினையிலேயே உள்ளது. பிணித்தல் அதன் அடிப்படைப் பொருள். பூவைக் கட்டுகிறோம், கதிரைக் கட்டுகிறோம், வீட்டையும் கட்டுகிறோம். மூங்கிலையும் கீற்றையும் கயிற்றால் பிணித்து எழுப்பிய குடிலின் நினைவு இச்சொல்லில் தங்கியுள்ளது எனக் கருத இடமுண்டு. கட்டியதை அவிழ்க்கலாம், அவிழ்த்தது மண்ணுக்குத் திரும்பும். சுற்றுச்சூழலுக்கு இணக்கமான வீட்டின் முதற்பாடம் இதுவே.

அயல்நாட்டில் அத்தகைய வீட்டைக் கட்டுவது எவ்வாறு? அதற்குச் சிறந்த சான்று லாரி பேக்கர். 1917ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்து, அங்கேயே கட்டடக் கலை பயின்றவர். தொழுநோயாளர்க்கான மருத்துவமனைகளை அமைக்கும் பணிக்காக 1945இல் இந்தியா வந்தார். கேரள மருத்துவரான எலிசபெத்தை மணந்து, இமயமலைப் பகுதியிலுள்ள பித்தோராகரில் பல்லாண்டு வாழ்ந்தார். அங்கே கிடைத்தவை பாறை, மண், மரம், சாணம். பர்மிங்காமில் கற்ற பாடம் இவற்றுக்கு உதவவில்லை. ஆனால் மலைமக்களின் வீடுகள் குளிரையும் மழையையும் தாங்கி நின்றன. பட்டம் பெற்ற கலைஞர் ஊர்க் கொத்தரிடம் மாணவரானார்.

இந்நிலையை மொழியியலார் நன்கறிவர். புதுமொழி கற்பவர் தொடக்கத்தில் தம் தாய்மொழியின் ஒலியையும் தொடரமைப்பையும் அதன்மீது ஏற்றிப் பேசுவார். இதனைத் தாய்மொழித் தாக்கம் என்கிறோம். வீடு கட்டுவோர்க்கும் இத்தாக்கம் உண்டு. பிழையான தொடரை மறுநாளே திருத்தலாம். பிழையான சுவருக்குள்ளோ ஆண்டுக்கணக்கில் வெந்துகொண்டிருக்க வேண்டும்.

பின்னர்த் திருவனந்தபுரத்தில் குடியேறிய பேக்கர், வீட்டுக்கு வேண்டிய பொருள்கள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பனவாக இருத்தல் வேண்டும் என்னும் காந்தியடிகளின் கருத்தை அளவுகோலாகக் கொண்டார். செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டு அடுக்கும் ‘எலிப்பொறிக் கட்டு’ முறையைப் பரப்பினார். இதனால் ஏறத்தாழ 25 விழுக்காடு செங்கல் மிச்சமாகும். இடையிலுள்ள காற்று வெப்பத்தைத் தடுக்கும். காங்கிரீட் கூரையின் அடிப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பியே. அங்குள்ள காங்கிரீட் பெரும்பாலும் வெறும் சுமை. அவ்விடத்தில் பழைய ஓடுகளைப் பதித்தார். மரத்தை வெட்டாமல் சுவரை வளைத்தார். இந்தியக் குடியுரிமை பெற்று, 2007இல் திருவனந்தபுரத்திலேயே மறைந்தார்.

அவருடைய சுவரைப் படியெடுத்து மலேசியாவில் எழுப்பினால் அவரைப் பின்பற்றியவர் ஆகமாட்டோம். அவர் செய்தது போல இம்மண்ணைக் கற்றல் வேண்டும். தமிழகத்தின் உள்மாவட்டங்களில் பருத்த மண்சுவர் பகல் வெப்பத்தை மெல்ல வாங்கி அறையைக் குளிர்ச்சியாக வைக்கும். இரவிலும் புழுக்கம் தணியாத இந்நாட்டில், பகலில் சூடேறிய சுவர் இரவெல்லாம் உறக்கத்தைக் கெடுக்கும். இங்கே வேண்டியது காற்றோட்டம். மலாய்க் கம்பத்து வீடு அதனை அறிந்திருந்தது. தூண்கள்மேல் உயர்ந்த தளம், அடியில் புகும் காற்று, நெடிய சன்னல்கள், மழையையும் வெயிலையும் தடுக்கும் அகன்ற தாழ்வாரம், ஆப்பும் பொருத்தும் கொண்டு இணைத்த மரச்சட்டம் ஆகியன அதன் உறுப்புகள். அவ்வீட்டைக் கழற்றி வேற்றிடத்தில் மீண்டும் பூட்டவும் இயலும்.

மலாய் மொழியில் ‘அத்தாப்’ என்றால் கூரை. நம் முன்னோர் அச்சொல்லை வாங்கி ‘அத்தாப்புக் கூரை’ என்றனர். பொருள் பார்த்தால் அது ‘கூரைக் கூரை’. சொல்லை வாங்கினோம்; அச்சொல்லுக்குரிய அறிவையும் வாங்கினோமா?

எங்கள் குடும்பமும் தவறியதுண்டு. வீட்டின் முன்வெளி முழுவதையும் சிமெண்டால் மூடிவிட்டு, முற்றம் அமைத்தோம் எனப் பெருமை கொண்டோம். மண்ணுக்குள் இறங்க வழியற்ற மழைநீர் அண்டை வீட்டு வாயிலில் தேங்கியது. முன்னறையில் வெம்மை ஏறவே குளிர்சாதனத்தை நாடினோம். பின்னர் அச்சிமெண்டைப் பெயர்த்தெடுத்துப் புல்லும் கறிவேப்பிலையும் நட்டோம். முனைவர் பட்டம் கற்பிக்காததை ஒரு மழை கற்பித்தது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவரை அருகிலுள்ள பழைய கம்பத்து வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். நம் திண்ணையை ஒத்த ‘செரம்பி’, தூணாகிய ‘தியாங்’ என உறுப்புகளின் பெயர்களை மலாய் முதியோரிடம் கேட்டெழுதச் செய்யுங்கள். ஒவ்வொரு பெயரின் எதிரிலும் அவ்வுறுப்பு எந்தக் காற்றுக்காக, எந்த மழைக்காக அமைந்தது எனக் குறிக்கட்டும். பொருள் மறையும்போது சொல் மறையும்; சொல்லோடு அறிவும் மறையும். நாளை வீடு கட்டப்போகும் மாணவர்க்கு அக்குறிப்பேடு ஒரு கைந்நூலாகும்.

வந்த மண்ணின் மொழியைக் கற்றவர்க்கே அம்மண் வீடாகிறது.