காற்றடிக்கும் ஏரியும் நண்பர்களின் பொறுப்பும்

(பெருநாள் விடுமுறைக்கு முன் நடந்த இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பெருநாளுக்கு மறுநாள் ஏழெட்டுப் பேராகச் சேர்ந்து ஏரிக்குப் போவது நம் பிள்ளைகளுக்கு நெடுநாள் பழக்கம். நீச்சல் உடம்புக்கு நல்லது, போகவே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. காற்றடிக்கும் நாளில் எங்கே இறங்குவது, எப்போது திரும்புவது, ஒருவன் திணறினால் மற்றவர்கள் என்ன செய்வது என்பதைத் தண்ணீரில் கால் வைக்கும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நம் வீராணம் ஏரியையே எடுத்துக்கொள்வோம். சோழர் காலத்து ஏரி. நீளமும் அகலமும் பல கிலோமீட்டர் இருக்கும். திறந்த நீர்ப்பரப்பில் காற்று எவ்வளவு தூரம் தடையில்லாமல் ஓடி வருகிறதோ அவ்வளவுக்கு அலை வளரும். ஆடி மாதத்து மேல்காற்று ஏரியைக் கடந்து வந்து கிழக்குக் கரைக் கல்லில் அலையை அடிக்கும். அதைப் பார்த்தவன் இறங்க யோசிப்பான்.

அதே நேரத்தில் மேற்குக் கரையில் நின்றால் தண்ணீர் அமைதியாகத் தெரியும். ஏமாற வைப்பது அந்த அமைதிதான். காற்று முதுகுக்குப் பின்னாலிருந்து தள்ளும். சிரமமே தெரியாமல் வெகுதூரம் போய்விடுவோம். இன்று நன்றாக நீந்துகிறோம் என்றுகூடத் தோன்றும். திரும்பிக் கரையைப் பார்க்கும்போதுதான் காற்றும் அலையும் முகத்துக்கு நேரே வரும். கை சோர்ந்த நேரத்தில் எதிர்த்து நீந்த வேண்டும். கார்த்திகையில் வாடைக்காற்று வீசும்போது இதே ஏமாற்று வேலையைக் கிழக்குக் கரை செய்யும்.

ஆகவே முதலில் காற்றை எதிர்த்து நீந்துங்கள், திரும்பும்போது அது உங்களைக் கொண்டுவந்து சேர்க்கும். நடு ஏரியை நோக்கிப் போகாமல் கரையை ஒட்டியே போங்கள். மதகு திறந்திருக்கும் இடத்தை நெருங்கவே கூடாது, மேலே அமைதியாக இருந்தாலும் அடியில் இழுப்பு இருக்கும். மண் அள்ளிய குழிகளும் வெளியே தெரியாது. தடைப் பலகை வைத்திருக்கும் இடத்தில் இறங்கவே வேண்டாம்.

கடல் அலை நீண்டு வரும். ஏரி அலை குட்டையாக அடுத்தடுத்து வந்து, மூச்சு வாங்கும் நேரம் பார்த்து வாயில் அடிக்கும். பதறித் தலையைத் தூக்கினால் கால் கீழே போய்விடும். அலை வரும் பக்கத்துக்கு மறுபக்கம் முகத்தைத் திருப்பி மூச்சு வாங்குங்கள். முடியவில்லையா? மல்லாந்து மிதந்து, மூச்சு நிதானத்துக்கு வந்த பிறகு ஒரு கையை உயர்த்திக் காட்டுங்கள்.

இனி நண்பர்களின் பொறுப்புக்கு வருகிறேன். கூட்டத்தில் யாருக்கு நீச்சல் குறைவோ, அவன் போகக்கூடிய தூரம்தான் அன்றைக்கு எல்லோருக்கும் எல்லை. 'போதும்' என்று ஒருவன் சொன்னால் கேலி செய்யாமல் எல்லோரும் திரும்ப வேண்டும். இருவர் இருவராக நீந்துங்கள். ஒருவர் தண்ணீரில் இறங்காமல் கரையில் நின்று தலையை எண்ணிக்கொண்டே இருக்கட்டும். அலைக்கு நடுவே கருந்தலை தெரியாது, பளிச்சென்ற நிறத்தில் தொப்பி போடுங்கள்.

தலையை எண்ணுவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2010 அக்டோபர் 23 அன்று, நம் ஊர்க்காரர்கள் பலர் வேலை பார்க்கும் அமீரகத்தில், ஃபுஜைராவில் 10 கிலோமீட்டர் கடல் நீச்சல் போட்டி நடந்தது. அமெரிக்க வீரர் ஃபிரான் கிரிப்பன் கரை சேரவில்லை. அவர் வரவில்லை என்பதைக் கவனித்தவர்கள் உடன் நீந்திய வீரர்கள். களைத்துக் கரையேறியவர்களே மறுபடி தண்ணீரில் இறங்கித் தேடினார்கள். வெகுநேரம் கழித்து உடல்தான் கிடைத்தது. அவருக்கு வயது 26. உலகத்தரமான வீரருக்கே இந்த நிலை என்றால், மூழ்கும் அந்த நிமிடத்திலேயே பார்க்க ஒரு கண் வேண்டும் என்பது புரியும்.

மூழ்குகிறவன் பெரும்பாலும் கூச்சல் போட மாட்டான். மூச்சுக்கே வழியில்லாதபோது குரல் எங்கிருந்து வரும்? தலை பின்னால் சாய்ந்து, வாய் நீர்மட்டத்தில் இருந்தால் உடனே செயல்படுங்கள். ஆனால் பாசத்தில் குதித்துவிடாதீர்கள். அவன் உங்களைப் பிடித்து அழுத்துவான். ஒருவனைக் காப்பாற்றப் போய் இரண்டு மூன்று பேர் போன வீடுகள் நம் நாட்டில் எத்தனையோ! கயிறு வீசுங்கள். கயிறு இல்லையென்றால் இரண்டு கைலிகளை முடிந்து வீசுங்கள். மூடி இறுக்கிய காலித் தண்ணீர் கேன் ஆளை மிதக்க வைக்கும். நீளமான கயிற்றின் நுனியில் ஒரு கேனைக் கட்டி எடுத்துப் போவதற்குப் பெரிய செலவு கிடையாது.

கரைக்குக் கொண்டுவந்ததும் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவது, வயிற்றை அமுக்குவது எல்லாம் வேண்டாம். மல்லாக்கப் படுக்க வையுங்கள். மூச்சு இல்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதுங்கள். பிறகு நடு மார்பில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று விடாமல் செய்யுங்கள். அதே நேரத்தில் இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். பிழைத்து எழுந்து உட்கார்ந்தாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப் போயே ஆக வேண்டும். நுரையீரலில் புகுந்த நீர் சில மணி நேரம் கழித்தும் தொல்லை தரும்.

பெற்றோர்களே, திட்டு விழும் என்று பயந்தால் பிள்ளை சொல்லாமல்தான் போவான். எங்கே போகிறான், யாரோடு போகிறான், எத்தனை மணிக்குத் திரும்புவான் என்று அன்பாகக் கேட்டு வையுங்கள்.

தம்பிகளே, எத்தனை பேர் போனீர்களோ அத்தனை பேரும் வீடு திரும்ப வேண்டும். காற்று பலமாக இருந்தால் அன்றைக்குக் கரையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள். ஏரி எங்கும் போய்விடாது.