முதல் நாவலுக்குக் கரு எங்கே?

(தொழிலாளர் படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரை)



போன கூட்டத்தில் மில் தோழர் ஒருவர் தாம் எழுதத் தொடங்கிய நாவலின் முதல் அத்தியாயத்தைப் படித்தார். மலைமேல் ஒரு பங்களா. எஸ்டேட் முதலாளியின் மகள். அவள் மேல் காதல் கொண்ட டாக்டர். நடை நன்றாகத்தான் இருந்தது. “அந்த மாதிரி பங்களாவுக்குள் போயிருக்கிறீர்களா?” என்று கேட்டேன். “சினிமாவில் பார்த்ததுதான்” என்றார். “உங்கள் மில்லை ஏன் எழுதவில்லை?” என்றேன். “அதில் எழுத என்ன இருக்கிறது? தினம் நடப்பதுதானே!” என்றார்.

அந்தப் பதிலைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

இங்கிலாந்தில் ஹேஸ்டிங்ஸ் என்று ஒரு கடலோர ஊர். அங்கே ராபர்ட் நூனன் என்றொரு பெயிண்டர் இருந்தார். வீடுகளுக்கு வர்ணம் அடிப்பதும் பெயர்ப்பலகை எழுதுவதும் அவர் பிழைப்பு. உடம்போ நோய் உடம்பு. வேலை நேரம் போக மிஞ்சிய நேரத்தில் ஒரு நாவல் எழுதினார். அதில் என்ன இருக்கிறது? ஒரு வீட்டுக்கு வர்ணம் அடிக்கும் ஆட்கள். சத்தமில்லாமல் நுழைந்து வேவு பார்க்கும் மேஸ்திரி. வேலை நேரத்தில் புகை பிடித்தார் என்று ஒரு கிழவரை அவன் அப்போதே வேலையை விட்டு விரட்டுகிறான். சாப்பாட்டு வேளையில் ஓயாத வாக்குவாதம். எல்லாம் தினம் நடப்பதுதான்! உழைப்பின் பலனை முதலாளிக்குத் தானம் செய்துவிட்டுப் பட்டினி கிடக்கிறவர்களுக்கு ‘கந்தல் கால்சட்டை வள்ளல்கள்’ என்று பெயர் வைத்தார். அதுவே நாவலின் தலைப்பு. வர்ணவேலைக்காரர்கள் பலகை தாங்க நிறுத்தும் ‘டிரெஸ்ஸில்’ என்ற காலின் பெயரைத் தம் புனைபெயராக்கி, ராபர்ட் டிரெஸ்ஸல் ஆனார். பதிப்பகத்தார் பிரதியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1911-ல் அவர் இறந்தார். மகள் காப்பாற்றி வைத்த பிரதி 1914-ல் வெட்டிச் சுருக்கி அச்சாயிற்று. முழுதாக வெளிவர 1955 ஆயிற்று.

நான் கட்சி வேலைக்கு வருமுன் நாலு வருஷம் ஸ்பின்னிங்கில் நின்றவன். அந்த இரைச்சலில் வாயால் பேச முடியாது, கைதான் பேசும். மேஸ்திரி வருகிறார் என்பதற்கு ஒரு சைகை, தண்ணீருக்கு ஒன்று, கைமாற்றுக் கேட்கக்கூட ஒன்று. இன்றைக்கும் நான் வீட்டில் உரக்கத்தான் பேசுகிறேன், “எனக்கென்ன காது செவிடா?” என்று மனைவி கோபிக்கிறாள். இந்தச் சைகைகள் எந்தப் புத்தகத்தில் கிடைக்கும்? மில் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்யும் தங்கைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. நடவு நடும் அக்காவுக்குச் சேற்றுப்புண்ணின் எரிச்சல் தெரியும். குழுக்கடன் வசூலிக்க வருகிறவன் வாசலில் எந்த இடத்தில் நிற்பான் என்பதும் தெரியும்.

வேலைநிறுத்தத்தில்தான் கதை தொடங்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. கொடியும் கோஷமும் எல்லோரும் கண்டவை. அதற்கு முந்திய இரவு அரிசிப் பானைக்குள் கையை விட்டுப் பார்த்து உங்கள் வீட்டுக்காரி சொன்ன சொல் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அங்கே தொடங்குங்கள்.

ஆனால் நடந்ததை அப்படியே எழுதிவிட்டால் அது நாவலாகாது; புகார் மனுவாகும். கார்க்கியின் ‘தாய்’ எங்கிருந்து வந்தது? 1902-ல் சோர்மோவோவில் நடந்த மே தின ஊர்வலத்தில் கொடி பிடித்துக் கைதானவர் பியோத்தர் ஸலோமவ். அவர் தாயார் அன்னா. இவர்களிடமிருந்துதான் கார்க்கி கருவை எடுத்தார். ஆனாலும் நாவலின் நீலவ்னா அந்த அம்மாளின் நகல் அல்ல. ரயில் நிலையத்தில் போலீசார் கையில் நீலவ்னா சிக்குவதோடு கதை முடிகிறது. அன்னாவோ அதற்குப் பிறகும் பல்லாண்டு வாழ்ந்தார்.

மூன்று மேஸ்திரிகளை ஒருவனாக்குங்கள். உங்கள் கோபத்தை வேறொருவன் வாயில் வையுங்கள். இதில் இன்னொரு காரியமும் இருக்கிறது: நிர்வாகமும் படிக்கும்! உங்கள் கதையை வைத்துக்கொண்டு யூனியனில் சேர்ந்த பெண் இன்னார்தான் என்று அவர்கள் விரல் நீட்டக் கூடாது. அவள் ஊரை மாற்றுங்கள், வயதை மாற்றுங்கள். அவள் பட்ட பயத்தை மட்டும் மாற்றாதீர்கள்.

அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கு இரண்டு பக்கம் கொண்டு வாருங்கள். எழுத வராதவர்கள் வாயால் சொல்லுங்கள். நான் உட்கார்ந்து எழுதிக்கொள்கிறேன்.