முத்தியால்பேட்டையில் தொடங்கிய பிரான்ஸ்

மரக்காணம் உப்பளங்களைக் கடந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே வந்தால் பொம்மையார்பாளையம். இன்னும் கொஞ்சம் போனால் கோட்டக்குப்பம், அதை ஒட்டினாற்போல புதுச்சேரியின் முத்தியால்பேட்டை. எங்கே ஓர் ஊர் முடிந்து மற்றது தொடங்குகிறது என்றே தெரியாது. ஆனால் நேயர்களே, 1954 வரை கோட்டக்குப்பம் இந்தியா, முத்தியால்பேட்டை பிரான்ஸ்.

ஆங்கிலேயர் 1947-ல் கப்பலேறினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஏறவில்லை. மக்களே வாக்களித்து முடிவு செய்யட்டும் என்று இரு அரசுகளும் 1948 ஜூனில் ஒப்புக்கொண்டன. மறு ஆண்டு, மற்றொரு பிரெஞ்சுப் பகுதியான சந்திரநாகூர் வாக்களித்தது: இந்தியாவுடன் சேர 7,463 பேர், வேண்டாமென 114 பேர். புதுச்சேரியில் அந்த நாள் வரவே இல்லை.

இதற்கிடையே இரு பக்கத்துக்கும் பொதுவாயிருந்த சுங்க ஏற்பாடும் 1949-ல் முடிந்தது. பிரெஞ்சு ஊர்களும் இந்திய ஊர்களும் மாறிமாறிக் கிடந்த மண் அது. சந்தைக்குப் போகிறவர் மடியை அவிழ்த்துக் காட்ட வேண்டியதாயிற்று. தில்லி படையை அனுப்பவில்லை, எல்லையைத்தான் இறுக்கியது. அந்த இறுக்கத்தின் வலி பாரிஸை எட்டுமுன் எல்லையோரக் குடும்பங்களை எட்டியது. இதைச் சொல்லாமல் இந்தியாவின் வெற்றியைச் சொல்வது நியாயமில்லை.

பிரான்ஸோடு முட்டிக்கொண்டும் முழுப் போருக்குப் போகாத முதல் இளங்குடியரசு இந்தியா அல்ல. 1797-ல் அமெரிக்கத் தூதர்கள் மூவர் பாரிஸ் போனார்கள். பேச வேண்டுமானால் முதலில் பணம் என்றார்கள் வெளியுறவு அமைச்சர் தலேராந்தின் ஆட்கள். அமெரிக்கா கொதித்தது, கடலில் கப்பல்கள் மோதின. ஆனாலும் குடியரசுத் தலைவர் ஜான் ஆடம்ஸ், தன் கட்சிக்காரர்களே முகம் சுளித்தபோதும், மீண்டும் தூது அனுப்பி 1800-ல் உடன்பாடு கண்டார்.

புதுச்சேரியில் முடிச்சு அவிழ்ந்தது 1954-ல். பிரெஞ்சு ஆட்சிக்குத் தூணாயிருந்த எதுவார் குபேர் மார்ச்சில் இந்தியப் பக்கம் சாய்ந்தார். மே 7-ல் வியட்நாமின் தியென் பியென் பூவில் பிரெஞ்சுப் படை வீழ்ந்தது; ஆசியாவில் பாரிஸின் பிடியும் தளர்ந்தது. அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். 170 பேர் இணைப்புக்கு வாக்களித்தார்கள். நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது.

பாரிஸ் நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தர, அல்ஜீரியப் போர் முடியும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சட்டப்படி புதுச்சேரி இந்தியாவானது 1962 ஆகஸ்ட் 16-ல். ஆண்டுதோறும் அந்த நாளில் கீழூர் நினைவிடத்தில் இன்றும் கொடி ஏறுகிறது.