மெய்யில் தங்கிய அச்சம்



உள்ளத்து உணர்ச்சி உடலிலே வெளிப்படுவதை மெய்ப்பாடு என்றார் தொல்காப்பியர். அவர் கூறிய எட்டு மெய்ப்பாடுகளுள் அச்சமும் ஒன்று.

நாமக்கல் வட்டாரம் லாரித் தொழிலுக்குப் பெயர் பெற்றதை நீங்கள் அறிவீர்கள். என்னிடம் பயின்ற ஓட்டுநர் ஒருவர் பெரும் விபத்தில் கீறலின்றித் தப்பினார். ஓராண்டு கடந்தும், பிரேக் ஓசை கேட்டால் அவர் கைகள் நடுங்குகின்றன. ஊரார் கோழை என்று நகைத்தனர். நல்லவர்கள் "மறந்துவிடு" என்றனர். கை அதைக் கேட்குமா? ஆபத்தில் ஓடவோ எதிர்க்கவோ உடல் ஆயத்தமாகிறது. நெஞ்சு படபடக்கிறது, தசைகள் முறுக்கேறுகின்றன. ஆபத்து நீங்கிய பின்னும் சிலருக்கு அம்முறுக்குத் தளர்வதில்லை. இது கோழைமையன்று.

உடலின் வழியே இதனை ஆற்றும் முயற்சி நம் கடற்கரையிலேயே நடந்தது. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை தாக்கியபின், ராஜா செல்வம் முதலியோர் 150 பேருக்கு 75 நிமிட அமர்வு அளித்தனர். இம்முறையில் நடந்ததை முழுதும் சொல்லுமாறு வற்புறுத்துவதில்லை. மூச்சு எங்கே தடைப்படுகிறது, வயிறு எப்போது இறுகுகிறது, எப்போது இளகுகிறது என்று சிறிது சிறிதாகக் கவனிக்கச் செய்வர். 8 மாதங்களுக்குப் பின் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் நலம் கூறினர்.

ஆனால் 2008-இல் வெளியான அந்த ஆய்வில் ஒப்பிட வேறு குழுவில்லை. காலமே ஆற்றியிருக்கலாமே என்று கணக்கு வாத்தியாரைப் போல் நானும் கேட்டேன். 2010-இல் வெளியான நாகப்பட்டினம் ஆய்வு அதற்கு ஓரளவு விடை தருகிறது: முகாம்களிலிருந்த 183 பேருள், மூச்சுப் பயிற்சி பெற்றோர் 6 வாரங்களில் பெரிதும் தேறினர், பயிற்சிக்குக் காத்திருந்தோர் சிறிதே தேறினர்.