உண்மை மேலேறும் வழி



ஒரு ஸ்தாபனத்திலே கட்டளை மேலிருந்து கீழே வருவது இலகு; பள்ளத்தை நாடும் நீர்போல அது தானாகவே இறங்கிவிடும். உண்மை கீழிருந்து மேலே செல்வதோ கிணற்று நீரை இறைப்பது போன்றது. இறைப்பவன் ஒருவன் வேண்டும். கயிறும் அறாதிருத்தல் வேண்டும்.

1986 ஆம் ஆண்டு ஜனவரி 28 ஆந் தேதி அமெரிக்காவின் சலஞ்சர் விண்ணோடம் புறப்பட்டு 73 விநாடிகளில் வானிலே சிதைந்தது. எழுவர் மாண்டனர், அவருள் ஒருவர் பள்ளி ஆசிரியை. உந்துகணையின் பொருத்தை அடைக்கும் றப்பர் வளையம் குளிரில் விறைத்துத் தன் வேலையைச் செய்யத் தவறிற்று.

இவ்வாபத்தை ஒருவரும் அறியாதிருந்தனரா? அறிந்திருந்தனர். உந்துகணையைச் செய்த கம்பெனியின் பொறியியலாளர் ரோஜர் போஜோலி 1985 ஜூலையிலேயே தம் மேலதிகாரிக்கு எழுதி எச்சரித்தார். புறப்படுவதற்கு முதல்நாள் இரவு, தொலைபேசி ஆலோசனையில், வெப்பநிலை 53 பாகை பரனைற்றுக்குக் குறைந்தால் ஏவலாகாது என்று பொறியியலாளர் வாதாடினர். விண்வெளித் திணைக்கள அதிகாரிகள் அதிருப்தி தெரிவிக்கவே, கம்பெனி முகாமையாளர் தனியே கூடித் தம் முடிவை மாற்றினர். ஏவுதற்கு இறுதி அனுமதி அளித்தவர்களுக்கோ, இப்படியொரு மறுப்பு எழுந்ததென்பதே எட்டவில்லை. மறுநாள் புறப்பட்ட வேளையில் வெப்பநிலை 36 பாகை!

2003 இல் கொலம்பியா விண்ணோடம் அழிந்தபோதும் கதை இதுவே. சேதத்தைப் படம்பிடித்துப் பார்க்கவேண்டுமென்ற பொறியியலாளரின் வேண்டுகோள் இடைவழியில் நின்றது. மீண்டும் எழுவர் மாண்டனர்.

பெரிய தேசத்தின் கதை நமக்கெதற்கு என்பீர்கள். நான் பாடசாலை விடுதியில் மாணவர் தலைவனாயிருந்தேன். குடிநீர் நாறுகிறதென்று சிறுவர் சிலர் என்னிடம் முறையிட்டனர். மேலாளர் சினப்பாரோ என்றஞ்சி, வாராந்த அறிக்கையில் "குறை எதுவுமில்லை" என்றெழுதினேன். அடுத்த வாரம் இருவர் வயிற்றுநோயால் படுத்தனர். அவர்கள் பிழைத்தனர், ஆனால் கயிற்றை அறுத்தவன் நானே என்ற எண்ணம் இன்றும் என்னை விட்டபாடில்லை.

பெரியோர்களே, "ஆட்சேபமுண்டா?" என்று நீங்கள் கேட்கும்போது நிலவும் மௌனத்தைச் சம்மதமெனக் கொள்ளாதீர்கள், இளையவனை முதலிற் பேசவிடுங்கள். மாறான கருத்தையும் கூட்டக் குறிப்பிற் பதியச் செய்யுங்கள். கசப்பான செய்தி கொணர்ந்தவனுக்கு நன்றி சொல்லுங்கள். இளைஞர்களே, மரியாதை வேறு, மௌனம் வேறு. கையைக் கட்டி நின்றும் உண்மையைச் சொல்லலாம் அன்றோ?

இடித்துரைக்கும் துணையின் அருமையை வள்ளுவர் அரசனுக்கே எடுத்துரைத்தார். அரசனுக்கு வேண்டியது நம் சங்கத்துக்கும் வேண்டும்.