துயரம் தானாகப் பாட்டாகிவிடாது

ஐஸ்லாந்துப் பாடகி ப்யோர்க் 2015 ஜனவரியில் ‘வல்னிகூரா’ என்ற ஆல்பத்தை வெளியிட்டார். மார்ச் மாதம் வரவேண்டியது, இணையத்தில் கசிந்துவிட்டதால் முந்தியே வந்துவிட்டது. அமெரிக்கக் கலைஞர் மேத்யூ பார்னியோடு அவர் நெடுங்காலம் வாழ்ந்த வாழ்க்கை முறிந்ததிலிருந்து பிறந்த ஆல்பம் அது. மொத்தம் ஒன்பது பாட்டுகள். விமர்சகர்கள் கொண்டாடினார்கள், கிராமி விருதுக்கான பரிந்துரையும் கிடைத்தது. மனத்தில் இருந்ததை மறைக்காமல் அப்படியே கொட்டிவிட்டார் என்பதே பாராட்டுகளில் அடிக்கடி கேட்ட குரல். அந்தப் பாராட்டு பாதிதான் சரி. கொட்டியது மட்டும் நம்மைக் கலங்கவைக்கவில்லை. கொட்டியதை அவர் எப்படிக் கட்டினார் என்பதில்தான் இந்த ஆல்பத்தின் பலம் இருக்கிறது.

‘பிளாக் லேக்’ என்ற பாட்டையே எடுத்துக்கொள்வோம். பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டு அது. ஒவ்வொரு பகுதி முடிந்ததும் வயலின் முதலான தந்தி வாத்தியங்கள் ஒரே ஒலியைப் பிடித்துக்கொண்டு நகராமல் நிற்கின்றன. அடுத்த வரி எப்போது வரும் என்று கேட்பவர் தவிக்கிறார். பேச வாயெடுத்தும் சொல் வராத ஒருவரின் நிலையை அந்த நீண்ட நிறுத்தங்களே உணர்த்திவிடுகின்றன. இது தற்செயலாக வந்ததல்ல. தந்தி வாத்தியங்களுக்கான இசையை அமைத்தவரே ப்யோர்க்தான். அதே ஆண்டு நவம்பரில், மின்னணுத் தாளங்களை நீக்கி, தந்தி இசையை முன்னிறுத்தி, இந்தப் பாட்டுகளில் பெரும்பாலானவற்றை மறுபடி வெளியிட்டார். தாளத்தை எடுத்த பிறகும் பாட்டுகள் நிற்கின்றன என்றால், அடியில் உறுதியான கட்டுமானம் இருக்கிறது என்றுதானே பொருள்?

“அவரே தன் வாழ்க்கையை முன்வைத்தாரே, விமர்சகர்கள்மேல் என்ன குற்றம்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். முதல் ஆறு பாட்டுகளுக்கும், பிரிவுக்கு ஒன்பது மாதம் முன்பு, இரண்டு மாதம் பின்பு, பதினொரு மாதம் பின்பு என்று அவரே காலம் குறித்திருக்கிறார். அதனால் ஆல்பம் நாட்குறிப்பு போலத் தோன்றலாம். ஆனால் நாட்குறிப்பு எழுதுகிறவர் நாளை நடக்கப்போவதை அறியமாட்டார். பிரிவைப் புள்ளியாக வைத்து முன்னும் பின்னும் எண்ணுவது, எல்லாம் முடிந்தபின் திரும்பிப் பார்த்து வரிசைப்படுத்துகிறவருக்கே முடியும். முதல் பாட்டைக் கேட்கும்போதே முடிவு நமக்குத் தெரிந்துவிடுகிறது. அந்தப் பாட்டின் நம்பிக்கை வலிப்பதற்குக் காரணமே அதுதான்.

“கேட்டு அழுதால் போதாதா, யார் எதைச் செய்தார் என்ற கணக்கு எதற்கு?” என்றும் சிலர் கேட்பார்கள். கேட்பவருக்குப் போதும், மதிப்பிட வந்தவருக்குப் போதாது. இந்த ஆல்பத்தின் பெரும்பகுதியைப் ப்யோர்க்கும் வெனிசுவேலாவின் இளம் கலைஞர் ஆர்காவும் சேர்ந்துதான் தயாரித்தார்கள். ஆனால் ஆர்கா ஒருவரே தயாரித்ததாகச் செய்திகள் வந்தன. ஒரு பேட்டியில் ப்யோர்க் இந்தத் தவறை வெளிப்படையாகவே எடுத்துச் சொன்னார். 2016 டிசம்பரில் எழுதிய கடிதத்தில் இன்னொன்றையும் சுட்டினார்: அணுக்களையும் அண்டத்தையும் பாடிய 2011-ன் ‘பயோஃபிலியா’ ஆல்பத்துக்குக் கிடைக்காத முழு ஏற்பு, காதல் முறிவைப் பாடியபோதுதான் கிடைத்தது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பெண்ணின் கண்ணீர் அவளுடையது, கைத்திறன் வேறொருவருடையது என்றாகிவிடுகிறது. மனத்தைக் கொட்டினார் என்ற பாராட்டு, தெரிந்தோ தெரியாமலோ, இந்தப் பங்கீட்டுக்குத் துணைபோகிறது.

உறவு முறிந்து துயரப்படுகிறவர்கள் உலகில் எத்தனையோ பேர். அவர்களில் இப்படியொரு ஆல்பத்தை உருவாக்கியவர்கள் மிகச் சிலர். அந்த வேறுபாட்டை விளக்குவதுதான் விமர்சகரின் வேலை. ஒரு பாட்டு உங்களை அழவைத்தால் தாராளமாக அழுங்கள். இரண்டாம் முறை கேட்கும்போது, அது எப்படி அழவைத்தது என்றும் கவனியுங்கள்.