வானூர்தியின் மேற்பூச்சும் நம் பிள்ளைகளின் கல்வியும்
(வெள்ளிவிழாவில் ஆற்றிய உரை)



கோட்டைப்பட்டினம் கடற்கரையில் படகின் ஆணியை உப்புக்காற்று அரித்துத் தின்பதை நாம் கண்டிருக்கிறோம். வானூர்திக்கும் அதே பகை உண்டு. அதன் உடல் பெரும்பாலும் அலுமினியக் கலவையால் ஆனது. வலிமைக்காகச் சேர்க்கப்படும் செம்பே அரிமானத்திற்கும் வழி திறந்துவிடுகிறது. தரையில் 40 பாகை வெயில். 11 கிலோமீட்டர் உயரத்திலோ உறைநிலைக்குக் கீழே 50 பாகைக்கும் மிகுந்த குளிர். அத்துடன் கடுமையான புற ஊதாக் கதிர். இத்தனையையும் தாங்கி நிற்பது முடியிழையின் பருமனே உள்ள பூச்சுதான்.

அப்பூச்சு அடுக்கடுக்கானது. அடியில் உலோகத்தை இறுகப் பற்றும் எபாக்சி. வெயிலில் அது பொடிந்துவிடும். ஆதலால் மேலே, வளைந்தாலும் வெடிக்காத பாலியூரித்தேன். இவை இரண்டும் பாலிமர் எனப்படும் பல்படிச் சேர்மங்கள். கீறல் விழுந்த இடத்தில் அரிமானத்தைத் தடுக்க அடிப்பூச்சில் நெடுங்காலமாகக் குரோமேட் உப்பைக் கலந்து வந்தனர்.

சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. குரோமேட் உலோகத்தைக் காக்கும். அதைத் தெளிப்பவன், பழைய பூச்சைச் சுரண்டுபவன் நுரையீரலிலோ புற்றுநோயை விளைவிக்கும். இராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலையின் கழிவு நிலத்தடி நீரை எவ்வாறு கெடுத்தது என்பதைத் தமிழகம் அறியும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 ஜனவரிக்குப் பின் தனி அனுமதியின்றி ஸ்டிரான்சியம் குரோமேட்டைப் பயன்படுத்த இயலாது. பயணியின் உயிரைக் காக்கும் பூச்சு, பூசுபவன் உயிரைக் குடிக்கலாமா?

மாற்று தேடும் பணி தொலைவில் நடப்பதன்று. இங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டரில், காரைக்குடியில், வள்ளல் அழகப்பர் ஈந்த நிலத்தில் 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. மின்கடத்தும் பல்படியாகிய பாலிஅனிலின் கலந்த பூச்சுகளை எஃகின் மீதும் மக்னீசியக் கலவையின் மீதும் அங்கே ஆராய்ந்திருக்கின்றனர். ஆயினும் குரோமேட்டுக்கு எல்லா வகையிலும் நிகரான மாற்றைக் காண்பது இன்றும் அரிய பணியே.

அன்பார்ந்த பெற்றோரே! நஞ்சுள்ள வேலைகள் தலைமுறை தலைமுறையாக நம் தோள்மீதே சுமத்தப்பட்டன. நஞ்சை ஒழிக்கும் ஆய்விலும் நம் பிள்ளைகளுக்குப் பங்கு வேண்டும். கையால் தொட்டவனின் துயரை அறிந்தவன் ஆய்வுக்கூடத்தில் அமர்ந்தால், அவன் கேட்கும் முதற்கேள்வியே வேறாக இருக்கும். பத்தாம் வகுப்போடு பிள்ளையை, குறிப்பாகப் பெண் பிள்ளையை, நிறுத்திவிடாதீர்கள். வேதியியல் படிக்க வையுங்கள். காரைக்குடிக்குப் பேருந்தில் செல்லும் தொலைவுதான். அத்தொலைவைக் கடக்கச் செய்வதே இச்சங்கத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுப் பணியாகட்டும்.